படத்தைத் தொடும் முன்: பழைய பின்பால் இயந்திரங்களின் ஓவியப் பராமரிப்பு

பழைய பின்பால் இயந்திரம் ஒன்றைத் துப்புரவு செய்ய உட்காரும்போது முதல் விதி இதுதான்: தலைப்பெட்டிக் கண்ணாடியின் பின்பக்கத்தைத் துடைக்காதீர்கள். முன்பக்கம் வெறும் கண்ணாடி, தாராளமாகத் துடைக்கலாம். பின்பக்கம் முழுவதும் மை. ஐம்பது அறுபது வருடம் பல்புச் சூட்டில் வெந்து, கண்ணாடியோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிற மை. அம்மோனியா கலந்த திரவத்தை அதன்மேல் அடித்துத் துணியை ஒரு முறை ஓட்டினால், துணியோடு முகமும் கையும் வானமும் சேர்ந்தே வந்துவிடும். இயந்திரத்தில் ஒரு ரிலே கருகினால் வேறு ரிலே போடலாம். சுருள் எரிந்தால் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். மை உதிர்ந்தால் அந்த மை திரும்பி வராது. இந்த அத்தியாயத்தில் சொல்வதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பதுதான். படத்தில் மிஞ்சியிருப்பதை முதலில் நிலைநிறுத்த வேண்டும். போனதை ஈடுகட்ட நாம் சேர்ப்பது எதுவானாலும், பின்னால் வருகிறவர் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். புதிதுபோல் ஆக்க வேண்டும் என்ற ஆசை இந்த இரண்டுக்கும் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒட்டுமொத்தமாக மறுபூச்சு அடிப்பதே சீரமைப்பு என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய வாதங்களிலும் நியாயம் உண்டு. அவற்றையும் வழியில் பார்ப்போம்.

பின்பால் இயந்திரத்தில் படம் நான்கு இடங்களில் இருக்கிறது: நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியின் கண்ணாடி, பந்து ஓடும் ஆட்டப் பலகை, அந்தப் பலகைமேல் திருகி வைத்த சிறு பிளாஸ்டிக் தகடுகள், மரப் பெட்டியின் பக்கங்கள். நான்கும் வெவ்வேறு பொருள், வெவ்வேறு அச்சு முறை, ஆகவே வெவ்வேறு நோய். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷமாகலாம். இந்தக் கலை பெரும்பாலும் சிகாகோ என்ற ஒரே நகரத்தில் வளர்ந்தது. காட்லீப், வில்லியம்ஸ், பாலி, சிகாகோ காயின் ஆகிய நிறுவனங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அவற்றுள் பலவற்றுக்கும் படம் வரைந்து கண்ணாடியில் அச்சடித்துக் கொடுத்தது அட்வர்டைசிங் போஸ்டர்ஸ் என்ற அதே ஊர் அச்சகம். போட்டி நிறுவனங்களின் கண்ணாடிகள் ஒரே கூரையின் கீழ் அச்சானதால்தான், பெயர் வேறானாலும் பழைய கண்ணாடிகளின் தொழில்நுட்பம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஒரு கண்ணாடியின் உடம்பைப் புரிந்துகொண்டால் அந்தத் தலைமுறைக் கண்ணாடிகள் எல்லாவற்றின் உடம்பும் புரிந்த மாதிரி.

அந்த உடம்பு எப்படிப்பட்டது? தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காகிதத்தில் கடைசியாக வரைகிற கண் இமையும் நகையும் கண்ணாடியின் பின்பக்கத்தில் முதலில் வரும். பின்னணி நிறம் கடைசியில் வரும். பின்பால் கண்ணாடியிலும் அதே தலைகீழ் வரிசைதான். தூரிகைக்குப் பதில் ஸ்கிரீன் பிரின்டிங். முதலில் கறுப்புக் கோடுகள். அடுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை வீதம், ஒளி ஊடுருவும் மைகள். அவற்றின் பின்னால் ஒளியைப் பரப்பிச் சீராக்குகிற வெள்ளை. எல்லாவற்றுக்கும் பின்னால், ஒளி வேண்டாத இடங்களை அடைக்கும் மறைப்பு மை. இந்தக் கடைசி அடுக்கைப் பின்னாலிருந்து பார்த்தால் சாம்பலும் கறுப்புமாகக் கிடக்கும், படம் என்றே தோன்றாது. ஆனால் ஓவியரின் வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. மறைப்பு மையில் விட்ட ஓட்டை வழியாகத்தான் பல்பு எரியும்போது எண்ணோ, ‘ஆட்டம் முடிந்தது’ என்ற எழுத்தோ, ஒரு பெண்ணின் முகமோ சுடர்விடும். எந்த இடம் எரிய வேண்டும், எந்த இடம் மங்கலாக இருக்க வேண்டும் என்பது வரையும்போதே முடிவானது. ஆகவே பின்பால் கண்ணாடியை வண்ணம் பூசிய கண்ணாடி என்று நினைப்பது தவறு. பின்னாலிருந்து ஒளியூட்டப்படும் பல அடுக்கு அச்சு அது. பின்பக்கத்தில் நாம் வைக்கும் ஒரு சொட்டுப் பெயின்ட் முன்னால் நிறமாகத் தெரிவதோடு நிற்காது. அந்த இடத்தின் ஒளியையும் மாற்றிவிடும்.

அடுக்குகள் இத்தனை நுணுக்கமாக இருப்பதற்குக் காரணம், அந்தப் படங்கள் செய்ய வேண்டியிருந்த வேலை. மதுக்கடையிலோ மிட்டாய்க் கடையிலோ நாலு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். உள்ளே வருகிறவன் பையில் ஐந்து சென்ட் நாணயம் இருக்கும். ஆட்டம் எப்படி இருக்கும் என்பது ஆடிய பிறகுதான் தெரியும். ஆடுவதற்கு முன் அவனை இழுக்கக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. 1947-இல் பந்தைத் திருப்பியடிக்கும் ஃப்ளிப்பர் பொருத்தி வந்த முதல் இயந்திரமான காட்லீபின் ஹம்ப்டி டம்ப்டிக்குப் படம் வரைந்த ராய் பார்க்கர், 1960-களின் நடுப்பகுதி வரை அந்த நிறுவனத்தின் கண்ணாடிகளுக்குத் தொடர்ந்து வரைந்தவர். தூரத்திலிருந்து ஒரு பெரிய காட்சி கண்ணை இழுக்கும். கிட்டே வந்தால் கூட்டத்தின் மூலையில் ஒரு நாய், தடுக்கி விழும் ஒருவன், யாரும் பார்க்காத இடத்தில் நடக்கும் ஒரு குறும்பு என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். 1965-இல் வந்த பக்கரூவில், கண்ணாடிக்குள்ளேயே ஒரு குதிரை மாட்டுக்காரனை உதைத்துச் சுழலவைக்கும்; 1966-இன் சென்ட்ரல் பார்க்கில் ஒரு குரங்கு மணி அடிக்கும். 1960-களின் பின்பாதியில் ஜெர்ரி கெல்லியும் கிறிஸ்டியன் மார்ஷும் வேறு பாணிக்குப் போனார்கள். முழங்கையும் மோவாயும் கத்திமுனைபோல் கூர்ந்த மனிதர்கள், தட்டையான நிறப் பரப்புகள். பாலி நிறுவனத்துக்காக டேவ் கிறிஸ்டென்சன் வரைந்த ஃபயர்பால் (1972), கேப்டன் ஃபென்டாஸ்டிக் (1976) ஆகியவற்றில் மயிரிழைக் கோடுகளும் கூட்டமும் மறுபடி வந்தன. பின்னதன் கூட்டத்துக்குள் அவர் ஒளித்துவைத்த விரசக் குறும்புகளை இன்றும் தேடிப் பார்க்கிறவர்கள் உண்டு. இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்க்கரின் கண்ணாடியில் ஒரு நகத்தளவு மை உதிர்ந்தால் அதனுடன் ஒரு முழுப் பாத்திரமே போகலாம். மார்ஷின் கண்ணாடியில் அதே அளவு உதிர்ந்தால் ஒரு தட்டை நிறத்தில் ஓட்டை, அவ்வளவுதான். சேதத்தின் அளவைப் பரப்பால் மட்டும் அளக்க முடியாது. எங்கே உதிர்ந்தது என்பதையும் பார்த்துத்தான் எந்த முறை என்று தீர்மானிக்க வேண்டும்.

மை ஏன் உதிர்கிறது? முதல் காரணம் சூடு. கண்ணாடி வழுவழுப்பானது; மைக்குப் பிடித்துக்கொள்ள அதில் துவாரம் இல்லை. பல்பு எரியும்போது கண்ணாடியும் மையும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, அணைத்ததும் சுருங்குகின்றன. இது ஆயிரக்கணக்கான முறை நடந்தால் பிடிமானம் தளரும். இறுகிப்போன மை நொறுங்கிச் செதிலாக எழும். ஈரக்காற்று அந்தச் செதிலின் அடியில் புகுந்து மிச்சத்தையும் கிளப்பும். பல்புக்கு நேர் எதிரில் வட்ட வட்டமாக மை போயிருப்பதைப் பார்த்தால் காரணம் சொல்லாமலே விளங்கும். ஆகவே கண்ணாடிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை, கண்ணாடியைத் தொடாமலே செய்வது: பல்பை மாற்றுவது. பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் 44 என்ற எண்ணுள்ள பல்பு இருக்கும், 6.3 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் இழுக்கும், அதாவது ஏறத்தாழ 1.6 வாட். அதே சாக்கெட்டில் பொருந்தும் 47-ஆம் எண் பல்பு 0.15 ஆம்பியர்தான் இழுக்கும், ஒரு வாட்டுக்கும் கீழே. தலைப்பெட்டியில் முப்பது பல்பு இருந்தால், அடைத்த பெட்டிக்குள் 47 வாட் சூடு 28 வாட்டாகக் குறைகிறது. எல்.இ.டி. போட்டால் இன்னும் குறையும். ஆனால் அதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த மைகளின் நிறம் இழைபல்பின் மஞ்சள் கலந்த ஒளிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நீலம் தூக்கலான வெள்ளை எல்.இ.டி. போட்டால் தோலின் நிறம் சவம்போல் வெளுக்கும், சிவப்பு செத்துவிடும். மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி.யையே வாங்குங்கள்.

அடுத்தது பதிவு. கண்ணாடியைக் கழற்றும் முன் விளக்கு எரியும் நிலையில் ஒரு படம், அணைந்த நிலையில் ஒரு படம் எடுங்கள். எரியும் நிலையில், மறைப்பு மையில் விழுந்த ஊசித் துளைகள் நட்சத்திரமாகத் தெரியும். அணைந்த நிலையில், கண்ணாடியை விட்டு விலகியும் இன்னும் விழாமல் நிற்கிற மை வெளிறிய தீவாகத் தெரியும். இரண்டும் வேறு வேறு நோய், ஒரே படத்தில் இரண்டும் அகப்படாது. பிறகு கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து வெளியே எடுத்து, மைப்பக்கம் மேலே இருக்கும்படி மெத்தென்ற துணியில் படுக்கவையுங்கள். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எழுந்து நிற்கும் செதில் ஒவ்வொன்றும் நிழல் விழுத்தும். அதையும் படம் எடுங்கள். மைப்பக்கத்தில் செலோடேப் எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டும்போது தெரியாது, பிரிக்கும்போது தெரியும். தூசி இருந்தால் மென்மையான உலர்ந்த தூரிகை போதும். அதுவும் செதில் இல்லாத இடத்தில் மட்டும்.

மை ஒன்றும் எழவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாக் கண்ணாடிக்கும் முன்னெச்சரிக்கையாகப் பின்பக்கம் தெளிவான பூச்சு அடித்து வைக்கலாம் என்ற யோசனை பரவலாக இருக்கிறது; அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பல வருடமாகப் பயன்படுத்திவரும் கிரைலான் ட்ரிப்பிள் திக் போன்ற தடித்த கிளேஸ் ஸ்ப்ரேக்கள் இதற்குப் பேர்போனவை. அந்தப் பூச்சு செதில்களைப் பிடித்து நிறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் ஒருமுறை மையோடு கலந்த பிறகு, மையை எடுக்காமல் அதை எடுக்க முடியாது. கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நம் விதிக்கு அது எதிர். எழும்பிய செதில்கள் இல்லாத கண்ணாடிக்கு அதனால் லாபம் குறைவு, ஆபத்து நிரந்தரம். மை உதிர்ந்துகொண்டே இருக்கிற கண்ணாடி என்றால் கதை வேறு. அங்கே மீட்க முடியாத ஒன்றைச் செய்யாவிட்டால், மீட்க முடியாத வேறொன்று தானாகவே நடக்கும். இரண்டில் சிறிய நட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அப்படி அடிப்பதானால் சட்டத்துக்குள் மறையும் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். சில மைகள் ஸ்ப்ரேயின் கரைப்பானில் சுருங்கிவிடும். கண்ணாடி படுக்கையாக, சமமட்டமாக இருக்கட்டும். முதல் பூச்சு பனி விழுவதுபோல் மெல்லியதாக இருக்க வேண்டும். காற்றின் வேகமே செதிலைப் பறக்கடித்துவிடும் என்பதால் கேனைத் தூரத்தில் பிடியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. மதிப்பெண் தெரியும் தெளிவான சன்னல்களைக் காகிதத்தால் மூடத்தான் வேண்டும். டேப் ஒட்டாமல், காகிதத்தின் மேல் சிறு எடை வைத்து மூடுங்கள். கேப்டன் ஃபென்டாஸ்டிக் மாதிரி, படத்தின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சுள்ளவற்றை இன்னும் கூடுதல் பயத்தோடு அணுகுங்கள். அந்தப் பளபளப்பை எந்தப் பெயின்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

போன இடத்தை என்ன செய்வது? தூரிகை எடுத்து நிரப்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மறைப்பு மையில் விழுந்த ஊசித் துளைகளுக்கு அது சரிதான். ஒரு புள்ளிக் கறுப்பு அக்ரிலிக் போதும், விளக்கை எரியவிட்டபடியே வைக்கலாம். நிறப் பகுதிக்கு அது சரிப்படாது. ஒளி ஊடுருவும் மைக்குப் பதில் ஒளி புகாத பெயின்ட் வைத்தால், பகலில் பொருந்தும், இரவில் விளக்கு எரிந்ததும் கறுத்த திட்டாக நிற்கும். ஒளியில் பொருந்தும்படி நீர்த்த பெயின்ட் வைத்தால் பகலில் வெளிறிக் கிடக்கும். இரண்டிலும் பொருந்தக் கைப்பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை அரிய கண்ணாடி ஒன்றின்மேல் கற்றுக்கொள்ளக் கூடாது. இதைவிட நல்ல வழி: சேதமில்லாத இன்னொரு பிரதியின் படத்தை வைத்து, போன பகுதியை மட்டும் தெளிவான ஃபிலிமில் அச்சடித்து, கண்ணாடியின் பின்னால் ஓரங்களில் மட்டும் தாங்கும்படி நிறுத்துவது. மையின்மேல் எதுவும் ஒட்டவில்லை. முன்னால் நிற்கிறவர் கண்ணுக்கு ஓட்டை மறைந்துவிடும். நாளைக்கு இதைவிட நல்ல அச்சு வந்தால் ஃபிலிமை உருவிவிட்டு வேறு வைக்கலாம். மிக அருகில் வந்து பார்த்தால் கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும்தான். அந்த இடைவெளி ஒரு நேர்மையும்கூட. எது சிகாகோவில் அச்சானது, எது நாம் சேர்த்தது என்று தேடுகிறவருக்கு அது காட்டிக்கொடுக்கும்.

இங்கே முதல் மறுப்பைக் கேட்போம். இவை கையால் வரைந்த தனி ஓவியங்கள் இல்லையே, ஆலையில் அச்சடித்த சரக்குதானே? கேப்டன் ஃபென்டாஸ்டிக் ஒன்றே 16,000-க்கும் மேல் தயாரானது. ஒரு கண்ணாடி போனால் என்ன? இந்த வாதத்தில் ஒரு பாதி சரி: அவ்வளவு தயாரான இயந்திரத்தில் மிகவும் சிதைந்த பிரதி ஒன்றை விதிவிலக்காக எடுத்துப் பழகிப் பார்ப்பதில் பெரிய பாவம் இல்லை. ஆனால் அவ்வளவு எண்ணிக்கையில் வந்தவை குறைவு. ஃபயர்பால் நாலாயிரத்துக்கும் கீழே. 1950-களில் பல இயந்திரங்கள் சில நூறோ ஆயிரமோதான். கடைகளில் அவற்றின் ஆயுள் சில வருடம். புதியது வந்ததும் பழையது உடைக்கப்பட்டது. நியூயார்க்கில் 1942 முதல் 1976 வரை பின்பாலே தடைசெய்யப்பட்டிருந்தது. பறிமுதல் செய்தவற்றைச் சம்மட்டியால் உடைத்தார்கள். இன்று விற்கும் மறுபதிப்புக் கண்ணாடிகள் பெரும்பாலும், தப்பிப் பிழைத்த ஏதோ ஒரு கண்ணாடியை ஸ்கேன் செய்து, அதிலிருந்து கோடு கோடாக மீண்டும் வரைந்து உண்டாக்கியவை. அப்படியானால் பிழைத்திருக்கும் ஒவ்வொரு அசலும் ஒரு மூலச் சுவடி. உங்கள் கண்ணாடியில் இடது மூலை நன்றாக இருக்கலாம், இன்னொருவரிடம் வலது மூலை. உங்கள் மூலைமேல் நீங்கள் பெயின்ட் பூசிவிட்டால் அந்தச் சுவடியின் ஒரு பக்கத்தை அடித்தெழுதியதுபோல் ஆகிறது. அச்சுச் சரக்கு என்பதே கவனமாக இருக்கக் காரணமாகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. ஓவியர் விரும்பியது பளிச்சென்ற படத்தை. மங்கிப்போன, செதில் உதிர்ந்த படத்தை அவர் ஒருநாளும் விரும்பியிருக்க மாட்டார். ஆகவே புதிதாக்குவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. பார்க்கரின் கண்ணாடி அன்று எப்படி ஒளிர்ந்தது என்று காண விரும்புவது முற்றிலும் நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆசையை அசலின்மேல் தீர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? மறுபதிப்புக் கண்ணாடி கிடைக்கும் இயந்திரங்களுக்கு அதை வாங்கித் தலைப்பெட்டியில் மாட்டி ஆடுங்கள். அசலைச் சூடும் வெயிலும் படாமல் பத்திரப்படுத்துங்கள். அசலின் நிறத்தை நாம் நினைவிலிருந்து மீட்க முடியும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. எல்லா மையும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒளிரும் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு மைகள் வெயிலில் மிகச் சீக்கிரம் வெளுக்கும், கறுப்பு அசையாது. மங்கிய கண்ணாடியைப் பார்த்து நிறம் கலக்கிறவர் மங்கலைத்தான் நகலெடுக்கிறார். சரியான நிறம் வேண்டுமென்றால் சட்டத்துக்குள் மறைந்து ஒளியே படாதிருந்த ஓரத்தில் தேடுங்கள். அந்த ஓரம் மிஞ்சியிருப்பது, முன்பு யாரும் அதைப் புதிதாக்காமல் விட்டதால்தான்.

ஆட்டப் பலகைக்கு வந்தால் என் வாதம் வளைந்து கொடுத்தாக வேண்டும். கண்ணாடியில் இருப்பது பார்ப்பதற்கான படம். பலகையில் இருப்பது பந்து ஓடும் தரையாகவும் இருக்கிற படம். ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள எஃகுப் பந்து அதன்மேல் ஓடுகிறது, பம்பரில் மோதிச் சுழன்று திரும்புகிறது. ஒட்டுப்பலகையில் ஸ்கிரீன் பிரின்ட் செய்து, அதன்மேல் மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்த பரப்பு அது. சில வருட வருமானத்துக்குப் போதும் என்றுதான் அதைச் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்கு அல்ல. லாக்கர் மஞ்சளித்து வெடிக்கும். மரத்தின் இழையோடு நீளக் கீறல் விழும். அந்தக் கீறலில் கறுப்புத் தூள் இறங்கும். ஒளி வரும் பிளாஸ்டிக் வில்லைகள் சுருங்கி, விளிம்பில் மை நொறுங்கும். வெறும் மரம் தெரியும் இடத்தில் ஒவ்வொரு ஆட்டமும் பக்கத்து மையையும் தின்கிறது. இங்கே ஒன்றும் செய்யாமல் விடுவதும் படத்தை அழிப்பதே. இயந்திரத்தை ஆடவே கூடாது என்று சொல்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. பந்து ஓடாத பலகையில் அந்தப் படம் ஏன் அப்படி வரையப்பட்டது என்பதே புரியாது. வட்டமும் அம்பும் பந்தின் பாதையைக் காட்ட வரைந்தவை.

ஆனாலும் வரிசை மாற வேண்டாம். பலகையில் முதல் வேலை அழுக்கெடுப்பு. பழைய மெழுகும் சுருளிலிருந்து வரும் கரித்தூளும் கலந்த பிசுக்கு நாஃப்தாவில் கரையும். மையை அது பொதுவாகத் தொடாது, என்றாலும் மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். தண்ணீர் வேண்டாம், வெடிப்பு வழியாக மரம் குடித்து உப்பும். மெலமைன் பஞ்சோடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்த்துத் தேய்ப்பது வேகமாக வெளுக்கும், பார்க்க அற்புதமாக இருக்கும். அப்படி வெளுப்பது அழுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், லாக்கரின் மேல்தோலும் சேர்ந்து தேய்கிறது. பம்பரைச் சுற்றிச் சுழல் சுழலாக விழுந்த கறுப்புக்கு மட்டும், வேறு எதுவும் பலிக்காதபோது, சிறிதளவு பயன்படுத்தலாம். பிறகு கார்னாபா மெழுகு, புதிய பந்து. சொரசொரப்பான பழைய பந்து உப்புத்தாள் மாதிரி. அதை மாற்றுவதுபோல் மலிவான ஓவியப் பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை. தேய்ந்த இடத்தை அக்ரிலிக்கால் நிரப்புவதானால், முதலில் அசலின்மேல் ஒரு மெல்லிய தெளிவான அடுக்கு இருக்கட்டும்; நிரப்பிய நிறம் சரிவராவிட்டால் அந்த அடுக்கு வரைக்கும் துடைத்தெடுக்கலாம். கார்களுக்கு அடிக்கும் இருகூட்டுத் தெளிபூச்சு பலகையைக் கண்ணாடிபோல் ஆக்கும், பந்தின் அடியையும் தாங்கும். ஆனால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி அதற்குப் போதாது. தினமும் ஆடப்போகிற, பல பிரதிகள் மிஞ்சியிருக்கிற இயந்திரத்துக்கு மட்டும், காற்றுக்குழாய் முகமூடியுள்ள கார் பெயின்டரிடம் கொடுத்துச் செய்யுங்கள். பலகைமேல் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால், நன்றாக ஒட்டியிருக்கும்வரை உரிக்காதீர்கள். அதன் அடியில் உள்ள மைதான் பலகையிலேயே மிகப் பத்திரமாக இருக்கும் மை.

பெட்டியின் பக்கங்களைத்தான் எல்லோரும் முதலில் மறுபூச்சுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வெளிர் அடிப்பூச்சு, அதன்மேல் ஸ்டென்சில் வைத்து அடித்த இரண்டு நிறம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் காட்லீபின் பழைய பெட்டிகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: அடிப்பூச்சின்மேல் சிலந்திவலைபோல் மெல்லிய தெறிப்பு இருக்கும். ஸ்டென்சில் ஓரம் சில இடத்தில் மங்கிப் பிசிறும். ஸ்டென்சிலை மரத்தோடு அழுத்திப் பிடிக்காமல் அவசரத்தில் ஸ்ப்ரே அடித்த கையின் தடம் அது. புதிதாகப் பூசுகிறவர்கள் அந்த ஓரத்தைக் கத்திபோல் வெட்டி அடிக்கிறார்கள். முடிவில் அசலைவிடச் சுத்தமான, ஆனால் அசல் ஒருநாளும் அப்படி இருந்திராத ஒரு பெட்டி கிடைக்கிறது. சிராய்ப்பும் குத்தும் உள்ள பெட்டிக்கு, நிறம் போன இடத்தை மட்டும் தொட்டுப் பூசினாலே ஆறடி தூரத்தில் கண் ஏமாந்துவிடும். உப்புத்தாள் போடுவதற்கு முன் இன்னொன்று: அமெரிக்காவில் 1978-க்கு முன் பூசிய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

பிளாஸ்டிக் தகடுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவையும் கண்ணாடிபோலப் பின்பக்கம் அச்சானவை. பல்புச் சூட்டில் வளைந்துவிட்டால், இரண்டு தட்டையான கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து இளஞ்சூட்டில் மெதுவாக நிமிர்த்தலாம். உடைந்த தகட்டையும் எறியாதீர்கள். மறுபதிப்புக்கு அளவும் நிறமும் அதிலிருந்துதான் கிடைக்கும்.

கடைசியாக, பூச்சுக்கும் மைக்கும் அப்பாற்பட்ட ஒரு மறுப்பு. இந்தப் படங்களில் பெண்கள் பெரும்பாலும் அலங்காரப் பொருளாக நிற்கிறார்கள். செவ்விந்தியர், சீனர், அரபு மக்கள் கேலிச்சித்திரமாக வருகிறார்கள். இவற்றை அப்படியே காப்பாற்றுவானேன், திருத்திப் பூசலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த உறுத்தல் சரியானது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் திருத்திப் பூசினால் அந்தக் காலம் நல்ல காலமாகிவிடாது. 1950-களின் மதுக்கடைக்கு யார் வருவார், யாரைப் பார்த்து யார் சிரிப்பார் என்று விற்பனையாளர் கணக்குப் போட்டது அந்தக் கண்ணாடியில்தான் எழுதியிருக்கிறது. காட்சிக்கு வைக்கிறவர் பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு வைக்கலாம். வீட்டில் வைக்க மனமில்லாதவர் வேறு இயந்திரம் வாங்கலாம். படத்தில் கைவைப்பது மட்டும் வேண்டாம்.

கழற்றி வைத்த அசல் கண்ணாடியை எங்கே வைப்பது என்பது மிச்சம். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நிமிர்த்தி, மைப்பக்கம் எதன்மேலும் படாதபடி, ஓரத்தில் மட்டும் தாங்கும் மரச் சட்டத்தில் வையுங்கள். குமிழி பிளாஸ்டிக் உறை மைமேல் படக்கூடாது, வட்ட வட்டமாகத் தடம் விழும். வெயில் விழாத உள்சுவர், ஈரம் ஏறாத அறை. உதிர்ந்த செதில்களைக் கூட்டித் தள்ளாமல் ஒரு சிறு உறையில் போட்டுச் சட்டத்தோடு வையுங்கள்; நிறம் பார்க்க அவை உதவும். எந்த இயந்திரம், எந்த நாளில் கழற்றியது, என்ன பூச்சு எந்த மூலையில் அடித்தது, எந்த ஃபிலிம் எதிலிருந்து அச்சடித்தது என்று ஒரு தாளில் எழுதி அந்த உறையோடு சேர்த்து வையுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவும்.